கார்டு எழுந்திருக்கவில்லையே

மட்டாஞ்சேரிக்காரர்களான நாங்கள் ஊருக்குப் போவதென்றால் படகில் ஏறி வெலிங்டன் தீவு ஸ்டேஷனுக்கு வருவோம். வண்டி புறப்படும் இடமே அதுதான். அந்தப் பழைய கட்டிடத்தில் ஒரு சின்னச் சாப்பாட்டு அறை இருந்தது. வண்டியின் கார்டும் அங்கேதான் சாப்பிடுவார். அவர் கை கழுவும்வரை யாரும் அவசரப்பட மாட்டோம்.

எழுபதுகளின் கடைசியில் ஒருநாள், அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று திருச்சியிலிருந்து தங்கை எழுதியிருந்தாள். வருவதாகத் தந்தி கொடுத்துவிட்டுச் சாயங்கால வண்டிக்குக் கிளம்பினேன். ஜன்னலோர மேஜையில் சூடான கட்லெட் வந்தது. பக்கத்து மேஜையில் வெள்ளைக் கோட்டுடன் கார்டு. வழியனுப்ப வந்த கணவர் "எழுந்திரு" என்றார்.

"கார்டு இங்கேதானே இருக்கார், வண்டி எங்கே போயிடும்?" என்று இன்னொரு சாயா சொன்னேன்.

ஜன்னலுக்கு வெளியே வண்டி நகர்ந்தது. நான் கார்டைப் பார்த்தேன்.

"எனக்கு டியூட்டி கழிஞ்சது, சேச்சி. அதிலே வேற ஆளாக்கும்," என்றார்.

மறுநாள் அதே வண்டியில் போனேன். அடுத்த நாள் காலை போய்ச் சேர்ந்தபோதுதான் தெரிந்தது, அம்மா முந்தின நாள் மத்தியானமே போய்விட்டாள். "நேத்துக் காலையிலே நீ பசியோட வருவேன்னு இட்லி மூடி வைக்கச் சொன்னா," என்றாள் தங்கை. சாவு வீட்டில் ஆகாதென்று அதைக் கொட்டிவிட்டார்கள்.

இப்போதெல்லாம் ஸ்டேஷனுக்கு வந்ததும் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிடுகிறேன். எவ்வளவு பசித்தாலும் திருச்சி போய்ச் சேரும்வரை சாப்பிடுவதில்லை. அங்கே மூடி வைக்க யாரும் இல்லை என்று தெரிந்தும்.