லாரியில் ஏறியவள்

வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்கள் ஆகஸ்டு மாதக் கடைசியில் போவார்கள். காவி உடுத்துவார்கள், கூட்டமாகப் போவார்கள், மாதா சொரூபம் வைத்த சிறு தேரைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போவார்கள். அமலராணி ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் போனாள். மகன் வாங்கித் தந்த பழுப்பு நிறச் சுடிதாரில், தோளில் ஒரே ஒரு பையுடன், தனியாகப் போனாள். வழியில் பார்த்தவர்களுக்கு அவள் யாத்திரை போகிறவளாகத் தெரியவில்லை. பேருந்தைத் தவறவிட்டவளாகத் தெரிந்தாள். அப்படி நினைத்தே மேடவாக்கத்தில் ஓர் ஆட்டோக்காரர் வெகுதூரம் கூடவே உருட்டிக்கொண்டு வந்து, கட்டணத்தைத் தாமாகவே குறைத்துக்கொண்டு போனார்.

அவள் தாம்பரம் சானடோரியத்தில் குடியிருப்பவள். ஒரு தனியார் பள்ளியின் அலுவலகத்தில் நெடுங்காலம் எழுத்தராக இருந்து சென்ற ஆண்டு ஓய்வு பெற்றவள். கணவர் ஜீவரத்தினம். ஒரே மகன் ஜேசன், பொத்தேரியில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது ஜி.எஸ்.டி. சாலையில் ஒரு வேன் இடித்து, பல நாள் கண் திறக்காமல் கிடந்தான். அவன் எழுந்து நடந்தால் தானும் வேளாங்கண்ணி வரை நடந்தே வருவதாக அமலராணி மருத்துவமனை வராந்தாவில் நேர்ந்துகொண்டாள். அவன் எழுந்தான், நடந்தான், இப்போது பெங்களூரில் வேலை பார்க்கிறான். மாதா தன் பங்கைச் செய்துவிட்டாள். அமலராணி தன் பங்கைச் செய்துவிட்டாளா என்பதில்தான் தகராறு இருந்தது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவள் தன் தெருவின் அன்பியத்தோடு, அதாவது அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களின் குழுவோடு, நடந்தாள். யாத்திரையை நடத்தியவர் அன்பியத் தலைவர் வேதசிரோமணி. அவர் வைத்திருந்த விதி ஒன்று உண்டு. சாமான் ஏற்றிய சின்ன லாரி கூட்டத்தின் பின்னால் வரும். முடியாதவர்கள் அதில் ஏறிக்கொள்ளலாம். ஆனால் கொஞ்ச தூரமே ஏறியிருந்தாலும், கடைசியில் வேளாங்கண்ணிக்குள் நுழையும்போது தேர்க்கயிற்றைத் தொடக் கூடாது. வேறொரு முறை வந்து, விட்டுப்போன இடத்தை நடந்து முடித்தால் நேர்த்தி பூர்த்தியாகும்.

மரக்காணத்தில் அமலராணிக்குக் காய்ச்சல் கண்டது. அன்றைய நடையில் பெரும்பகுதி அவள் நினைவில் இல்லை. ஆயினும் மறுநாள் தேறி, மீதி தூரம் முழுவதையும் நடந்தாள். வேளாங்கண்ணி நுழைவு வளைவின் கீழே, கயிற்றைப் பிடித்திருந்த அவளுடைய கையை வேதசிரோமணி எல்லார் முன்னிலையிலும் எடுத்துவிட்டார்.

“லாரில ஏறினவங்க கயிறு தொடக் கூடாதும்மா. அடுத்த வருஷம் வந்து அந்த எடத்த நடந்துடுங்க.”

அமலராணி ஏறவில்லை என்றாள். அவளிடம் அதற்கு ஆதாரமும் இருந்தது. மரக்காணத்துக்கு அப்பால் சாலையோரம் ஓர் இறால் பண்ணை. அதன் குட்டைகளில் தண்ணீரைக் கடையும் சக்கரங்கள் வெள்ளை வெள்ளையாக நுரை தள்ளிச் சுழன்றுகொண்டிருந்தன. காய்ச்சலின் மூட்டத்திலும் அந்தக் காட்சி மட்டும் துலக்கமாக நின்றது. லாரியின் பின்புறம் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தது. அதற்குள் கிடந்தவளுக்குச் சக்கரம் எப்படித் தெரியும்? ஆகவே தான் நடந்துதான் வந்திருக்க வேண்டும். இதையும், அந்த விதியே அவமானம் என்பதையும் அவள் ஊர் திரும்பியதும் பங்குத் தந்தைக்கு மனுவாக எழுதினாள். விசாரணை நடந்தது. லாரி ஓட்டிய ஷ்யாம்சுந்தர், தான் ரோட்டைப் பார்த்துத்தான் ஓட்டியதாகவும் வேறெதையும் கவனிக்கவில்லை என்றும் சொன்னார். அமலராணி வேதாகமத்தின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்தாள். வேதசிரோமணி அதற்கு மறுமொழியே சொல்லாமல் எழுந்து போனார். தலைவர் பொறுப்பையும் விட்டார், மாலைப் பூசைக்கு வருவதையும் விட்டார்.

அமலராணிக்கு அது போதவில்லை. அந்தக் கூட்டத்தில் பலர் இன்னும் அவளை லாரிக்காரி என்றுதான் தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள். ஆகவே முழுத் தூரத்தையும், லாரியே இல்லாமல், துணையே இல்லாமல் நடந்து காட்டிவிடுவது என்று முடிவு செய்தாள். ஒவ்வொரு ஊர்ப் பெயர்ப் பலகையின் கீழும் நின்று, முகமும் பலகையும் விழும்படி கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டாள்.

“ரயில் நம்ம ஊர் வழியாவே போவுது. படுத்துக்கிட்டே போவலாம்,” என்றார் ஜீவரத்தினம். அவர் தடுக்கவில்லை. தன் கருத்தைப் பதிவு செய்தார், அவ்வளவுதான்.

பெரும்பாக்கம் தாண்டிச் சதுப்பு நிலத்தின் நடுவே போகும் சாலையில் முதல் வெயிலும், கிழக்குக் கடற்கரைச் சாலையில் முதல் கொப்புளமும் வந்தன. கொப்புளத்துக்கு யாத்திரைக்காரர்களின் வைத்தியம் அவளுக்குத் தெரியும். ஊசியில் நூல் கோத்து, கொப்புளத்தின் ஒரு பக்கம் குத்தி மறுபக்கம் எடுத்து, நூலை உள்ளேயே விட்டுவிட வேண்டும். நீர் நூல் வழியே தானாக வடியும். தோல் உரியாது. இதைக் கூட்டத்தில் ஒருவருக்கொருவர் செய்துவிடுவார்கள். தன் குதிகாலைத் தானே பார்த்துக் குத்திக்கொள்வது வேறு காரியம். மாமல்லபுரத்துக்கு இப்பால் ஒரு நிழற்குடையில் உட்கார்ந்து, கைப்பேசியின் கண்ணாடியில் குதிகாலைப் பார்த்து அவள் அதைச் செய்து முடிப்பதற்குள் இரண்டு பேருந்துகள் நின்று, கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போயின.

தொடைகள் உரசிப் புண்ணாயின. தேங்காய் எண்ணெய் தடவினாள். தண்ணீர் குடித்தால் ஒதுங்க இடம் தேட வேண்டும் என்று குறைவாகக் குடித்தாள். அதனால் தலைவலி வந்தது. பெட்ரோல் பங்குகளை மனத்தில் வைத்தே நடையைப் பிரித்துக்கொள்ளப் பழகினாள். இரவுகளில் கோயில் கூடங்களில் படுத்தாள். தனியாக வந்திருக்கிறாள் என்று தெரிந்ததும், கோயிலைக் கவனித்துக்கொள்ளும் கோயில் பிள்ளைகள் வீட்டில் சண்டையா என்று மெதுவாக விசாரித்தார்கள்.

இவற்றையெல்லாம் அவள் எதிர்பார்த்திருந்தாள். எதிர்பாராதது ஜெபமாலை. கூட்டத்தில் ஒருவர் ஜெபத்தின் முற்பாதியைச் சொல்வார், மற்ற எல்லாரும் பிற்பாதியைச் சொல்வார்கள். அந்த மாற்றில்தான் கால்கள் தாளம் பிடிக்கும். தனியாக நடக்கிறவளுக்குப் பிற்பாதி சொல்ல ஆள் இல்லை. அமலராணி முற்பாதியைச் சொல்லிவிட்டு, பழக்கத்தினால், காத்திருந்தாள். அந்த இடைவெளியில் லாரிகள் இரைந்தன. பிறகு அந்த இடைவெளிக்குள் வேதசிரோமணி வந்து நின்றார். கல்பாக்கம் தாண்டும்போது அவள் ஜெபமாலையை விட்டுவிட்டு அவரோடு வாதாடிக்கொண்டு நடந்தாள். நடந்த விசாரணையைத் திரும்பவும் நடத்தினாள், விட்டுப்போன கேள்விகளைக் கேட்டாள், அவரைப் பதில் இல்லாமல் நிற்க வைத்தாள். உண்மையைச் சொன்னால், ஜெபத்தைவிட அது நன்றாக நடக்க வைத்தது.

மரக்காணம் கடந்து அனுமந்தையை நெருங்கும்போது முதலில் சத்தம் கேட்டது. தண்ணீரைக் கரண்டியால் இடைவிடாமல் அடிப்பது போன்ற சளசளப்பு. சக்கரங்கள். அமலராணி கைப்பேசியைக் கையில் எடுத்துக்கொண்டு விரைந்தாள். அந்தப் படம்தான் மற்ற எல்லாப் படங்களையும்விட அவளுக்கு வேண்டியிருந்தது.

சத்தம் வந்த இடத்தில் ஒரு மதில் இருந்தது.

அவள் தலைக்கு மேல் ஒரு முழத்துக்கும் அதிகமான உயரத்தில், சிமெண்டு பூசி, உச்சியில் கண்ணாடிச் சில் பதித்து, அந்தப் பண்ணையின் எல்லை முழுவதும் ஓடியது. அவள் நுனிக்காலில் நின்று பார்த்தாள். சாலையின் எதிர்ப்புறம் போய் நின்று பார்த்தாள். மதிலும் அதன்மேல் வானமும் தெரிந்தன.

எதிரே ஒரு தேநீர்க்கடை. கடைக்காரி காமு, பாலைக் கொதிக்க விட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மதில் புதிதாகக் கட்டியதா என்று அமலராணி கேட்டாள்.

“எம் பொண்ணு பள்ளிக்கூடம் போறப்போ கட்டினது. இப்ப அவளுக்கே பொண்ணு இருக்கு,” என்றாள் காமு. “உள்ள என்னா பாக்கணும்? சக்கரமா? தரையில நின்னா தெரியாதுக்கா. பஸ்ல போறவங்க பாப்பாங்க. லாரில முன்னாடி குந்திக்கிட்டுப் போறவங்க பாப்பாங்க.”

அமலராணி பெஞ்சில் உட்கார்ந்தாள். தேநீர் வந்து ஆடை படிந்தது. மனுவில் அவள் எழுதிய வாக்கியம், ஒரு சொல்கூடப் பிசகாமல், நினைவுக்கு வந்தது. தான் நடந்ததற்கு அவள் காட்டிய ஒரே ஆதாரம், நடக்கவில்லை என்பதற்கான ஆதாரம். தார்ப்பாயை மட்டும் யோசித்தவள் ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையை யோசிக்கவில்லை. விசாரித்தவர்களும் யோசிக்கவில்லை. அவர்களில் ஒருவரும் இங்கே வந்து நின்று பார்க்கவில்லை.

ஷ்யாம்சுந்தரின் எண் அவளிடம் இருந்தது. அவர் உடனே எடுத்தார். அவள் சுற்றி வளைக்காமல் கேட்டாள்.

“நீங்களா ஏறலக்கா,” என்றார் ஷ்யாம்சுந்தர். “மரக்காணம் பெட்ரோல் பங்காண்ட வுழுந்துட்டீங்க. ஒடம்பு நெருப்பா கொதிச்சுது. நானும் தலைவரும்தான் தூக்கி முன் சீட்ல வெச்சோம். காலாப்பட்டுல எறக்கினோம்.”

“அன்னிக்கே ஏன் சொல்லல?”

“நீங்க சத்தியம் பண்ணிக்கினு நிக்கிறீங்க. நான் இன்னான்னு சொல்றது? தலைவரே வெளிய வந்து, வுடுப்பா, அதுக்கு ஞாபகம் இல்ல, பொய் சொல்லலன்னாரு. அப்பறம் நமக்கு இன்னா வந்துது?”

அவள் இணைப்பைத் துண்டித்தாள். புதுச்சேரியிலிருந்து சென்னைக்குப் போகும் பேருந்து ஒன்று கடை முன்னால் நின்றது. நடத்துனர் படியில் தொங்கியபடி தாம்பரம், தாம்பரம் என்று கூவினார். ஏறினால் விளக்கு வைப்பதற்குள் வீடு. வேதசிரோமணியைத் தோற்கடிக்கத்தான் இந்த நடை. அவர் தோற்க வேண்டியவர் அல்ல என்று ஆன பிறகு, புண்ணான காலை இழுத்துக்கொண்டு மேலே போவதற்கு என்ன இருக்கிறது? அமலராணி எழுந்து நின்றாள். நடத்துனர் அவள் பையை வாங்கக் கை நீட்டினார்.

“இன்னும் நடக்காத எடம் இருக்கு,” என்றாள் அவள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. விசில் அடித்தார். பேருந்து போயிற்று.

மதிலை ஒட்டியே நடந்தாள். அதன்பின் அவள் படம் எடுக்கவில்லை. அன்று மாலை காலாப்பட்டை அடைந்தபோது விட்டுப்போன இடம் முடிந்தது. விதிப்படி அங்கேயே அவள் நேர்த்தி பூர்த்தியானது. திரும்பியிருக்கலாம். ஆனால் அந்த விதியை அவமானம் என்று சொல்லி எழுதிக் கொடுத்தவள் அவள். இப்போது அதன் சலுகையை மட்டும் எடுத்துக்கொள்ள மனம் ஒப்பவில்லை.

கோபம் இல்லாமல் நடப்பது கடினமாக இருந்தது. இதுவரை அவளைத் தள்ளிக்கொண்டு வந்தது கால் அல்ல, வழக்கு. வழக்கு தீர்ந்ததும் ஒவ்வொரு வலியும் தன் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்து நின்றது: முழங்கால், இடுப்பு, பை அழுத்திய தோள். கடலூரில் ஒரு கால்நகம் கறுத்தது. சிதம்பரத்தில் கழன்று விழுந்தது. கொள்ளிடம் பாலத்தில் லாரிகள் கடக்கும்போது எழும் காற்று அவளைக் கைப்பிடிச் சுவரோடு சாய்த்தது. சீர்காழிக்கு முன்னால் நாய்கள் சூழ்ந்தபோது அசையாமல் நின்று, எதற்கென்று தெரியாமல் அழுதாள். நாய்கள் சலித்துப்போய்க் கலைந்தன. தினமும் மாலையில் ஜீவரத்தினம் அழைத்து, எந்த ஊர் என்று கேட்டு, அங்கே ரயில் நிலையம் இருக்கிறது என்று தெரிவித்தார். மதிலைப் பற்றி அவரிடம் சொன்னாள். அவர், சாப்பிட்டியா என்று கேட்டார்.

காரைக்காலுக்கு அருகே எங்கோ, ஜெபமாலை திரும்ப அவள் கைக்கு வந்தது. முற்பாதியைச் சொன்னாள். காத்திருந்தாள். இடைவெளிக்குள் யாரும் வரவில்லை. பிற்பாதியையும் அவளே சொன்னாள்.

வேளாங்கண்ணியில் அவளுக்காக யாரும் நிற்கவில்லை. வளைவின் கீழே இழுக்கத் தேரும் இல்லை, தொடக் கயிறும் இல்லை. கோயிலில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினாள். மற்றவர்கள் வேண்டிக்கொள்வதைப் பார்த்தபடி வெகுநேரம் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். மறுநாள் சென்னைப் பேருந்தில், கடல் பக்கம் பார்த்த வலப்புற ஜன்னலோரம் இடம் பிடித்தாள்.

அனுமந்தை கடந்ததும் மதில் வந்தது. மதிலுக்கு மேலே, இருக்கையில் சாய்ந்தபடியே, அவள் எல்லாவற்றையும் பார்த்தாள். வரிசையாகக் குட்டைகள். நுரை தள்ளிச் சுழலும் சக்கரங்கள். இரண்டு ஆண்டுகளாக அவள் நினைவில் சுழன்றவை எந்த மாற்றமும் இல்லாமல் அங்கே சுழன்றன. அவை மறைவதற்குள் அவள் வேதசிரோமணியின் எண்ணை அழுத்தினாள்.

“நான் லாரிலதான் வந்தேன்ணா,” என்றாள்.

மறுமுனையில் தொலைக்காட்சியின் ஓசை கேட்டது. பிறகு அது நின்றது.

“எப்ப?”

“அப்ப. இப்பத்தான் தெரிஞ்சுது. ஃபாதருக்கு எழுதிக் குடுத்துடறேன். பூசையில படிக்கச் சொல்றேன்.”

“எழுதறதெல்லாம் நீங்க நல்லா எழுதுவீங்கம்மா,” என்றார் வேதசிரோமணி. அவரே தொடர்ந்தார். “தனியா போனீங்களாமே. சொன்னாங்க. இந்தத் தடவை?”

“நடந்தேன்.”

“யார் பாத்தா?”

“யாரும் பாக்கலண்ணா.”

வேதசிரோமணி சிரித்தாரா, இருமினாரா என்று சொல்ல முடியவில்லை. வீட்டுக்குப் போனதும் காலை உப்புப் போட்ட வெந்நீரில் வைக்கச் சொன்னார். செருப்புப் போட்டு நடந்தாளா, ஷூவா என்று கேட்டார். செருப்பு என்று அவள் சொன்னதும், எந்தச் செருப்பு, எங்கே வாங்கியது என்று அவர் விசாரிக்கத் தொடங்கினார். பேருந்து மரக்காணத்தைத் தாண்டும் வரை விசாரித்தார்.