தேயிலைப் பெட்டியில வச்ச அடை

லயத்து வரிசை வீடுங்கள்ல ஆளு செத்தா தப்படிச்சு அழுவோம். கோழி செத்தா யாருகிட்டப் போய் அழுறது? அந்த வருஷம் இலங்கை மலையில லிந்துலைப் பக்கம் எங்க தோட்டத்துல வெள்ளைக் கழிச்சல் வந்துச்சு. காலம்பற வேலைக்குப் பேர் குடுக்கப் பெரட்டுக்குப் போறப்ப இரை பொறுக்கிக்கிட்டு நின்ன கோழி, கொழுந்து நிறுத்துட்டு வர்றப்ப கழுத்தத் திருகிக்கிட்டுக் கெடக்கும். ஒரு வாரத்துல எங்க லயத்துல சேவல் சத்தமே இல்லாமப் போச்சு.

என் கோழியும் போச்சு. அது எங்க அம்மா குடுத்தது. இங்க நமக்குப் பிரஜா உரிமை கெடைக்காதுன்னு ஆனதும், தம்பி அக்கரைக்குப் போறேன்னு கெளம்பிட்டான். அம்மாவுக்குப் போக மனசே இல்ல. இந்த மலையிலேயே பொறந்து, இங்கேயே கொழுந்து பறிச்சு முதுகு வளைஞ்ச மனுஷி. இந்தியாவ அவங்க கண்ணால பாத்ததுகூட இல்ல. ஆனாலும் மகன் போற எடத்துக்குத்தான் தாயின்னு இழுத்துக்கிட்டுப் போய்ட்டான். ரயிலேறுற அன்னிக்குத் தலவாக்கலை ஸ்டேஷன்ல அந்தக் கிராப்புக் கோழிய, கழுத்துல ரோமமே இல்லாத சாதி, மடியிலேயே வச்சிருந்தாங்க. ரயிலு வந்ததும் என் கையில குடுத்து, "ஒனக்குன்னு குடுக்க எங்கிட்ட வேற என்ன தாயி இருக்கு? இது வம்சத்த அத்துப்போக விட்றாத"ன்னாங்க. அம்புட்டுதான். அதுக்கப்புறம் அவங்க மொகத்த நான் பாக்கவே இல்ல.

அந்தக் கோழி அடையில உக்காந்திருந்தப்பதான் சீக்கு வந்துச்சு. குஞ்சு பொரிக்க இன்னும் ஒரு வாரந்தான் பாக்கி. மலையில இருந்து வந்து பாத்தா, முட்டை மேலேயே செத்துக் கெடக்கு. கைய விட்டுப் பாத்தேன், முட்டையில இன்னும் சூடு இருந்துச்சு. பழைய சேலையில சுத்தி அடுப்பு மேட்டுல வச்சுட்டு, அடைக்கோழி இருக்கான்னு தோட்டம் பூரா அலைஞ்சேன். கோழி மிச்சம் இருந்த வீட்டுலயும், "சீக்குக் கோழி முட்டைய எங்கூட்டுல வைக்காத ஆத்தா"ன்னு கதவச் சாத்திட்டாங்க. அவங்களச் சொல்லியும் குத்தமில்ல.

எங்க வீட்டுக்காரருக்கு ஸ்டோர்ல, அதான் தேயிலை பாக்டரியில, மாடியில கொழுந்து பரப்பி வாட்டுற வேலை. நான் வெறுங்கையோட வந்து உக்காந்ததப் பாத்துட்டு, "சூடுதான புள்ள வேணும்? பொழுதன்னிக்கும் நாங்க சூட்டத்தான மேய்க்கிறோம்"ன்னாரு. ஒடஞ்ச தேயிலைப் பெட்டி ஒண்ணு கொண்டாந்தாரு. உள்ள ஒட்டியிருக்கிற ஈயத்தாள் சூட்ட வெளிய விடாதாம். அடியில தகரம் அடிச்சு, அதுமேல மணலப் பரப்பி வைக்கோல் போட்டு முட்டைய வச்சோம். தகரத்துக்குக் கீழ சிம்னி விளக்கு. ஓரத்துல ஒரு டின்னுல தண்ணி. காத்துக்கு நாலு பக்கமும் ஓட்டை.

தோட்டத்து மருந்துக்காரரக் கேட்டதுக்கு காய்ச்சல் பாக்குற கணக்குல நூறு டிகிரி இருக்கணும்னாரு. கூடுனா வெந்துரும், கொறஞ்சா வெறைச்சுரும். அதக் காட்டுறதுக்குக் கருவிக்கு எங்க போறது? ஸ்டோர் மாடியிலதான் சூடு பாக்குற கண்ணாடிக் குழாய்ங்க ஜோடி ஜோடியாச் சுவத்துல தொங்கும். அதுல ஒரு ஜோடியில ஒண்ணு ஒடஞ்சு போச்சுன்னு ஸ்டோரப் பாத்துக்கிற டீமேக்கர் பலகையோட தூக்கிப் போடச் சொன்னாரு. ஒடையாத இன்னொண்ண இவரு கேட்டு வாங்கிட்டு வந்துட்டாரு. அதுக்கு அடியில குண்டு மேல துணி சுத்தியிருந்துச்சு.

"இது என்னத்துக்குங்க துணி?"

"அது ஈரமாவே இருக்கணும். காயவிட்டா டீமேக்கர் கத்துவாரு. ஒரு நாளும் காயவிட்றாத."

கொழுந்து பரப்புறதுதான் இவரு வேலை. குழாயப் பாத்துக் கணக்குச் சொல்றது டீமேக்கர் வேலை. துணிய நனைச்சு வைக்கணும்ங்கிறது மட்டுந்தான் இவருக்குத் தெரியும். மலைக்குப் போறதுக்கு முந்தியும் வந்த கையோடயும் நான்தான் துணிய நனைப்பேன். பச்சப் புள்ளைக்குப் பாலூத்துற மாதிரி சொட்டுச் சொட்டா ஊத்துவேன்.

குழாயில சூடு தொண்ணூறத் தாண்ட மாட்டேன்னுச்சு. திரிய ஏத்திவிட்டாரு. ஓட்டையில காகிதத்தத் திணிச்சாரு. அப்பவும் ஏறல. வெளிய ஒரே மூடுபனி, எங்க காம்பரா அறைத் தரையே சில்லுன்னு கெடக்கு. இந்தக் குளிரு சூட்டத் திங்குதுன்னு சொல்லி, எங்க ரெண்டு கம்பளியையும் பெட்டி மேல போத்திட்டோம். எங்களுக்குச் சாக்குதான். அடுத்த காம்பராக்காரி எட்டிப் பாத்துட்டு, "ஏங்க்கா, மாமா அடையில உக்காந்துட்டாரு போல? கேறுனா சொல்லுங்க, தீனி கொண்டாறேன்"ன்னா. சிரிச்சேன். வேற என்னத்தச் செய்றது?

பெட்டிக்குள்ள கைய விட்டா எனக்குச் சுட்டுச்சு. ஆனா என் கை என்ன கை? பொழுதுக்கும் மழையில கொழுந்து பறிச்சு வெறைச்சுப் போன கை. அதுக்கு வெதுவெதுன்னு இருக்கிற தண்ணியும் கொதிக்கிற மாதிரிதான் இருக்கும். என் கைய நானே நம்பல. ஒரு வழியா நூறு தொட்டதும், இவரு மொகத்துல அப்படி ஒரு சந்தோஷம். "பாத்தியா, சொன்னேன்ல"ன்னாரு.

நாளு வந்துச்சு. முட்டையக் காதுல வச்சுக் கேட்டேன். கொத்துற சத்தம் இல்ல. இன்னும் ஒரு நாள் பாப்போம்னாரு, பாத்தோம். அதுக்கு மறுநாளும் பாத்தோம். நாத்தம் வந்தப்புறந்தான் இஸ்தோப்புத் திண்ணையில உக்காந்து ஒவ்வொண்ணா ஒடைச்சேன். ஒண்ணு ரெண்டு கூமுட்டை. மத்ததெல்லாம் குஞ்சா உருவாகி, உள்ளேயே அவிஞ்சு போய்க் கெடந்துச்சு. ஒண்ணு மட்டும் நல்லாத் தெரிஞ்சுச்சு. ஒடம்பு பூரா ரோமம், கழுத்து மட்டும் மொட்டையா. எங்க அம்மா கோழியேதான். அத உள்ளங்கையில வச்சுக்கிட்டு எம்புட்டு நேரம் உக்காந்திருந்தேன்னு எனக்குத் தெரியாது.

இவரு மறுநாள் டீமேக்கருகிட்டப் போய்க் கேட்டிருக்காரு. வேலை விட்டு வந்து நிலையில சாஞ்சு நின்னுக்கிட்டுச் சொன்னாரு. ஜோடியில துணி சுத்தாத குழாய்தான் உள்ளபடி சூட்டக் காட்டுமாம். ஈரத்துணி சுத்தினது எப்பவும் கொறச்சுத்தான் காட்டுமாம். ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்த வச்சுத்தான் மாடியில காத்து எம்புட்டு காஞ்சிருக்குன்னு கண்டுபிடிக்கிறதாம். அப்ப குழாய் நூறு காட்டினப்ப, பெட்டிக்குள்ள நூத்துக்கு மேல எங்கேயோ போயிருக்கு. "துணிய அவுத்துப் போட்டிருந்தா போதும் புள்ள"ன்னாரு.

எனக்கு அழுகை வரல, ஆத்திரந்தான் வந்துச்சு. "சூட்ட மேய்க்கிற ஆளாம் ஆளு! கம்பளியப் போத்தி நல்லா அவிச்சு எடுத்தீங்க"ன்னு கத்துனேன். அவரு பெட்டிய உருட்டிட்டுப் போய் வெறகுக்கு ஒடைச்சாரு. பாவம், அவரு மட்டும் வேணும்னா செஞ்சாரு? துணிய நனைச்சது நானு.

கொஞ்ச நாள்ல எங்க கங்காணி, சொந்தத்துல ஒரு சாவுன்னு இந்தியாவுக்குப் போனாரு. அம்மா இருக்கிற ஊரு வழியாத்தான் போறாரு. "என்னத்தச் சொல்லட்டும்?"ன்னு கேட்டாரு. "கோழி நல்லா இருக்குன்னு சொல்லுங்க. கூடை நெறையாக் குஞ்சு பொரிச்சிருக்குன்னு சொல்லுங்க"ன்னேன். இவரு என்னத் திரும்பிப் பாத்தாரு. பாக்கட்டும்.

கங்காணி திரும்பி வந்து ஒரு துணி முடிச்சக் கையில குடுத்தாரு. உள்ள கம்பு. "ஒங்கம்மா எலும்பும் தோலுமா இருக்காங்க தாயி. அங்க மழையில்ல. ஒரு வேளைதான் அடுப்பு எரியுது. அந்தக் கஞ்சிக்கு வச்சிருந்ததுலதான் கையளவு எடுத்து எடுத்து இதச் சேத்திருக்காங்க. குஞ்சு அலகுக்குக் கம்புதான் சரியாம், போடச் சொன்னாங்க. கோழி நல்லா இருக்குன்னதும் அம்புட்டு சிரிப்பு"ன்னாரு.

வேற வீட்டுக் கோழிக்குப் போட மனசு வரல. கீழ கொட்டவும் முடியல. கஞ்சி காய்ச்சி, நானும் அவரும் ஆளுக்குப் பாதி குடிச்சோம்.