சத்தம் போன பஸ்

கோபத்துக்கும் லைசென்ஸ் கொடுத்தால் டிரைவர் விருத்தாசலம் கனரக வகையில்தான் வாங்கியிருப்பார். அனந்தபுரத்துக்காரர், மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, ஏற்றும் லாரியில் கை பழகி, விழுப்புரம் – திண்டிவனம் தனியார் பஸ்ஸுக்கு வந்தவர். எண்பத்தேழாம் வருஷத்துக் கோபம் முழுவதும் ஒன்றின் மேல்தான்: பிரேக் தேய்ந்துவிட்டது, சமணரான முதலாளி ஜம்புகுமார் மாற்றித் தரவில்லை. கேட்டால், "இன்னும் கொஞ்ச நாள் ஓட்டுப்பா" என்பார். அவர் முன் சீட்டில் வரும்போதும் விருத்தாசலம் அவரைத் திட்டிக்கொண்டேதான் ஓட்டுவார். எஞ்சினின் கடகடப்பில் ஒரு சொல்லும் வெளியே கேட்காது. அந்தக் கடகடப்புதான் அவர் வேலைக்குக் காவல்.

அதில் மண்ணைப் போட வந்தான் முதலாளியின் அக்கா மகன் தேவகுமார். மெட்ராஸில் எஞ்சின் ஆராய்ச்சி.

"மாடலை வச்சு, டீசல் தெளிக்கிற டைமிங்கை மாத்தப் போறேண்ணே."

"எண்பது மாடலு தம்பி இது. பார்த்தாலே தெரியலியா?"

"அது இல்லீங்க, கணக்கு மாடல். காத்தோட சூடு, எஞ்சின் வேகம் குடுத்தா, டீசல் எப்பப் பத்தும்னு முன்னாடியே சொல்லும். இப்ப பம்பு டீசலைச் சீக்கிரமே தெளிக்குது. குவிஞ்சுபோயி ஒரேயடியா பத்துது. அதான் சத்தம்."

"பிரேக்கு எப்பப் புடிக்கும்னு சொல்லுமா உன் மாடலு?"

தேவகுமார் சிரித்தான். அவன் சொன்னபடி மெக்கானிக் சவுரிராயன் டீசல் பம்பைத் துளி திருப்பினார். கணக்கு பொய்க்கவில்லை, எஞ்சின் பால் குடித்த பிள்ளையாக முனகியது. பெருமை தாளாமல் முதலாளி மறுநாளே முன் சீட்டில் ஏறிக்கொண்டார்.

விக்கிரவாண்டி தாண்டி ஒரு மாட்டு வண்டி குறுக்கே வந்தது. விருத்தாசலம் எழுந்து நின்றே மிதித்தார். பஸ் தன் பாட்டுக்குப் போய், வண்டியை உரசாத குறையாக நின்றது. வாய் வழக்கம்போலத் திறந்துகொண்டது.

"பிரேக்கு மாத்துன்னா மாத்துறானா கஞ்சப்பய! எறும்பு மேல கால் வெக்க மாட்டாராம், பஸ்ஸு நெறைய ஜனங்கள மட்டும் சாவடிப்பாராம்!"

கடைசி சீட்டு வரை தெளிவாகக் கேட்டது.

"இன்னாது, பிரேக்கே இல்லியா?" என்று கூடையோடு எழுந்தாள் பயணி வீரம்மாள். "ஜல்தி எறங்குங்கடி!"

மொத்த பஸ்ஸும் இறங்கியது. முதலாளி முகம் கறுத்து, டிரைவரின் காதோரம் குனிந்தார்.

"ஷெட்டுக்குப் போனதும் அந்த டைமிங்கைப் பழையபடி வெக்கச் சொல்லு."

விருத்தாசலம் சாவியைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"பிரேக்கை மாத்துங்க மொதலாளி, அப்பறம் டமாரமே கட்டி வுடுங்க. அதுவரைக்கும் நடங்க. திண்டிவனம் தோ, பக்கந்தான், இருவதே கிலோமீட்டரு."