மணி கேட்டுப் படுத்தவள்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், லண்டனில் வெம்பிளிக்குப் பக்கத்தில் ஒரு தையல் தொழிற்சாலையில் வேலை செய்தேன். பெண்களுக்கான கோட்டுகள் தைக்கும் இடம். அங்கே நெருப்பு மணிக்கு யாரும் பயப்பட்டதில்லை. சும்மா பயிற்சிக்காகத்தான் அடிப்பார்கள். கீழே இறங்கி, குஜராத்திப் பெண்களோடு நின்று ஊர்வம்பு அளக்கலாம். ஓசியில் ஒரு இடைவேளை என்று மனதுக்குள் சந்தோஷப்படுகிற ஆள் நான்.

யாழ்ப்பாணத்திலிருந்து புதிதாக வந்த ஒரு பிள்ளையை அங்கே நான்தான் சேர்த்துவிட்டிருந்தேன். நான் வாடகைக்கு இருந்த வீட்டிலேயே மேல் அறையில் இருந்தாள். கொழும்பில் ஒரு லொட்ஜில் காத்திருந்த தாயை எப்படியாவது லண்டனுக்கு எடுப்பிக்க வேண்டும் என்பதுதான் அவளுடைய ஒரே நினைப்பு. அதற்கு அந்த வேலையைத்தான் நம்பியிருந்தாள்.

அவள் சேர்ந்து கொஞ்ச நாளில், அயன் பண்ணும் பக்கத்தில் துணி பற்றிப் புகை கிளம்பியது. மணி அடித்தது. வழக்கம்போல எல்லோரும் இறங்கினோம். மழை தூறிக்கொண்டிருந்தது. சூப்பர்வைசர் தலை எண்ணும்போதுதான் அவளைக் காணவில்லை என்று தெரிந்தது. அவர் தடுக்கத் தடுக்க மேலே ஓடினேன்.

புகை கண்ணைக் கரித்தது. துணி வெட்டும் பெரிய மேசைக்கு அடியில் அவள் குப்புறப் படுத்திருந்தாள். காதுக்குள் விரல். பல்லில் இறுகக் கடித்த துணித்துண்டு. ஊரில் குண்டுபோடப் பொம்மர் வருகிறதென்று மணி அடித்தால் சனம் படுக்கிற அதே மாதிரி. கையைப் பிடித்து இழுத்தேன். அவள் என்னை உள்ளே இழுத்தாள்.

“வெளியில போகாதேங்கோ அக்கா. ஓடினவைதான் செத்தவை.”

அவளை எப்படிப் படியிறக்கினேன் என்று இன்றுவரை எனக்கே தெரியாது.

நெருப்பை அணைத்துவிட்டார்கள். ஒருவருக்கும் காயமில்லை. சூப்பர்வைசர் கெட்ட மனுஷன் இல்லை. தன் கோட்டைக் கழற்றி அவளுக்குப் போர்த்திவிட்டார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், ஊரில் குண்டு விழுவதைப் பற்றி அவருக்குச் சொன்னேன். பாவம் என்றார். அடுத்த கிழமை அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். மணி அடித்தும் வெளியே வராத ஆளை வைத்திருந்தால் மற்றவர்களுக்கும் ஆபத்தாம். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஆனால் அவர் சொன்னது பொய்யும் இல்லை.

அன்று பின்னேரம் அவள் வந்து என் கட்டிலில் இருந்தாள். தாய்க்கு இனி என்ன சொல்வது என்று யோசிக்கிறாளாக்கும் என்று நினைத்தேன்.

“மணி கேட்ட உடன நான்தானே முதல் ஆளாப் படுத்தனான். என்ன பிழை விட்டனான் அக்கா?” என்றாள்.

இருவரும் அழுதோம்.

அதன்பிறகு எத்தனையோ இடங்களில் வேலை செய்துவிட்டேன். நெருப்பு வந்தால் எந்த வாசலால் வெளியேற வேண்டும் என்று எல்லா இடத்திலும் காட்டித் தந்தார்கள். வெளியே போகவே பயப்படுகிறவளை என்ன செய்வது என்று மட்டும் இன்றுவரை ஒருவரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.