மச்சான் கட்டிவிட்ட பைலட் வாட்ச்

மணி பார்ப்பதற்காக என் அண்ணன் ஒரு வாட்ச்கூட வாங்கியதில்லை. தென்காசியில் ரயிலடிக்குப் போகிற சாலையில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தான். அங்கே எப்போதும் ஏதாவது ஒரு ரேடியோ மணி சொல்லிக்கொண்டுதான் இருக்கும். அவன் தேடித் தேடிச் சேர்த்ததெல்லாம் யுத்த காலத்தில் விமானத்தில் போனவர்கள் கையில் கட்டியிருந்த வாட்சுகள். ‘பைலட் வாட்ச், பைலட் வாட்ச்’ என்று அவன் ஓயாமல் சொல்லி, கடைசியில் அம்மா வாயிலும் அந்தப் பெயர் சரளமாக வந்தது.

ஐம்பதுகளில் எங்கள் ஊர்ப்பக்கம் இதெல்லாம் எங்கே கிடைக்கும் என்று கேட்பீர்கள். கிடைத்தது. யுத்தத்தின்போது சிலோனிலும் பர்மா எல்லையிலும் விமான தளங்களில் கூலிவேலை பார்த்துத் திரும்பியவர்கள் சுற்றுப்பட்ட ஊர்களில் இருந்தார்கள். செங்கோட்டைக்கு அப்பால் எஸ்டேட்டுகளில் குடியேறிய பழைய பட்டாளத்துக்காரர்கள் சீசனுக்குக் குற்றாலம் இறங்கி வருவார்கள். சாரல் விழுந்ததும் ஊரே அருவியைப் பார்த்துக்கொண்டு நிற்கும். என் அண்ணன் மணிக்கட்டுகளைப் பார்த்துக்கொண்டு நிற்பான். குளிக்கப் போகிறவர்கள் வாட்சைக் கழற்றி யாரிடமாவது கொடுத்துவிட்டுப் போவார்கள் அல்லவா, அவர் பக்கத்தில் போய் நின்றுகொள்வான். ஒரு தடவை திருடன் என்று நினைத்துப் பிடித்தே விட்டார்கள். பிறகு விசாரித்து அனுப்பிவிட்டார்கள் என்பது வேறு விஷயம். அந்த வாட்சின் முதுகில் அம்புக்குறி இருந்ததா இல்லையா என்று பார்க்கமுடியாமல் போனதுதான் அவனுக்கு வருத்தம்.

அம்புக்குறி என்றால் சர்க்கார் சொத்து என்று அர்த்தம். பட்டாளத்து வாட்சின் முதுகில் அதை வெட்டியிருப்பார்கள். முகம் பெரும்பாலும் கறுப்பு, எண்கள் வெள்ளை. உறை போட்ட விரலால் திருக வேண்டும் என்பதற்காகச் சாவிக்குமிழ் சுண்டைக்காய் பருமன் இருக்கும். அலங்காரம் என்று ஒரு கோடு கிடையாது. நகைக்கடை வாட்சையே பார்த்துப் பழகிய எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. பார்க்கப் பார்க்கத்தான் அதன் கம்பீரம் பிடிபட்டது. வேலைக்கு வேண்டியது எல்லாம் இருந்தது, வேண்டாதது ஒன்றும் இல்லை. அப்படி ஒரு மனுஷன் அமைந்தால் போதும் என்று நினைத்ததுண்டு.

அவனிடம் இருந்ததில் ராஜா ஒன்று உண்டு. வாசுதேவநல்லூரில், சிலோன் தளத்தில் விமானத்துக்கு எண்ணெய் ஊற்றிய ஒருவர் வைத்திருந்தது. அவர் வீட்டுக்கு நடையாய் நடந்து, அவருடைய ரேடியோவைச் சும்மாவே பழுதுபார்த்து, பேசிப்பேசி வாங்கினான். வெள்ளி நிற முகம், நீல முட்கள், முகத்தைச் சுற்றித் திருகக்கூடிய ஒரு விநாடி வளையம். நடுக்கடலுக்கு மேல் விமானத்தில் வழி பார்க்கிறவர், ரேடியோவில் நேரக்குறி கேட்டதும் வாட்சை நிறுத்தாமல் இந்த வளையத்தைத் திருகி விநாடியைச் சரிசெய்துகொள்வாராம். சில விநாடி பிசகினாலும் மைல் கணக்கில் வழி தப்பிவிடுமாம். காலையில் செய்திக்கு முன்னால் ரேடியோ ‘பிப், பிப்’ என்னும்போது அண்ணன் மூச்சைப் பிடித்துக்கொண்டு வளையத்தைத் திருகுவான். பைத்தியம் என்று கேலி செய்துகொண்டே நானும் பக்கத்தில் போய் நிற்பேன். எந்தக் கடல் மேலேயோ எவனையோ பத்திரமாகக் கரைசேர்த்த வளையம் எங்கள் வீட்டுக் கூடத்தில் சுற்றுவது எனக்கும் அதிசயமாகத்தான் இருந்தது.

அறுபதுகளின் ஆரம்பத்தில் எனக்குக் கல்யாணம் ஆனது. இவரும் வாசுதேவநல்லூர்தான், பள்ளிக்கூட வாத்தியார். மாப்பிள்ளைக்குப் பெண்வீட்டார் வாட்ச் போடுவது வழக்கம். அப்பா பளபளவென்று புதிதாக ஒன்று வாங்கி வைத்திருந்தார். மாப்பிள்ளை அழைப்பன்று இவர் அண்ணன் கையைப் பார்த்துவிட்டு, “மச்சான், இந்த வளையம் எதுக்கு?” என்று கேட்டுவிட்டார். அத்தனை வருஷத்தில் அந்தக் கேள்வியை அவனிடம் யாரும் கேட்டதில்லை. நாயனக்காரர்கள் காத்திருக்க, கடல், விமானம், நேரக்குறி என்று அண்ணன் விளக்கித் தீர்த்தான். இவர் வளையத்தைத் திருகிப் பார்த்து, “இப்படி யோசிச்சவன் கையக் கும்பிடணும்” என்றார். அவ்வளவுதான். அண்ணன் ராஜாவைக் கழற்றி இவர் கையில் கட்டிவிட்டான். “ஏலே, மாப்பிள்ளைக்குப் போய்ப் பழைய வாட்சா?” என்று அப்பா பல்லைக் கடித்தது அவன் காதில் விழவே இல்லை.

அடுத்து தலை ஆடி வந்தது. ஆடிக்கு அழைத்து வந்த மாப்பிள்ளையை அருவிக்குக் கூட்டிப்போய் எண்ணெய் தேய்த்துக் குளிக்க வைப்பது எங்கள் வீட்டில் மச்சான் பொறுப்பு. சீசன் நல்ல வேகத்தில் இருந்தது. பேரருவி இரைகிற இரைச்சலில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. அண்ணன் இவர் தலையிலும் முதுகிலும் எண்ணெயை அரக்கித் தேய்த்தான். இவர் கையில் வாட்ச் அப்படியே இருந்தது. நான் பார்த்தேன். வாட்சைப் பற்றி எல்லாம் தெரிந்தவன் பக்கத்தில் நின்று தேய்க்கிறான், ஒன்றும் சொல்லவில்லை, அப்படியானால் அது தண்ணீர் தாங்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு பெண்கள் பக்கம் போய்விட்டேன். இரண்டு பேரும் அருவிக்குள் நுழைந்தார்கள்.

திரும்பும்போது வண்டியில் கவனித்தேன், கண்ணாடிக்குள் பனி பிடித்திருந்தது. வீட்டுக்கு வந்து அண்ணன் பின்மூடியை நெம்பினான். உள்ளே இருந்து எண்ணெயும் தண்ணீருமாக வழிந்தது. வெள்ளி முகம் திட்டுத்திட்டாகக் கறுத்திருந்தது. வாட்ச் நின்றிருந்தது.

எனக்கு வந்த கோபத்தில் புது மாப்பிள்ளை என்பதெல்லாம் மறந்துபோனது. “ரெண்டு பேருக்கும் வாயில கொழுக்கட்டையா?” என்று கத்தினேன்.

இவர் தலையைக் குனிந்துகொண்டு, “மச்சான் ஆசையாக் கட்டிவிட்டது. அவுக முன்னாலயே கழத்தினா மனசு சங்கடப்படுவாகளோன்னுதான்...” என்றார்.

அண்ணன் அதைவிட மெதுவாக, “கழத்துங்கன்னு சொன்னா, கொடுத்ததத் திருப்பிக் கேக்கான்னு நெனச்சிருவியளோன்னு நானும்...” என்றான்.

மரியாதையிலேயே ஒரு ராஜாவை மூழ்கடித்துவிட்டார்கள். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

மரியாதை அத்தோடும் நிற்கவில்லை. சரிபார்த்துத் தருகிறேன் என்று அண்ணன் கேட்டான். “பரவாயில்ல மச்சான், உங்களுக்கு எதுக்குச் சிரமம்? இப்படியே இருக்கட்டும்” என்று, நின்றுபோன வாட்சையே கட்டிக்கொண்டு இவர் ஊருக்குப் போய்விட்டார். அண்ணன் அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. “ஒரு வாட்ச்சுக்கா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?” என்று நான்தான் திட்டுவேன். ஆடி முடிந்து நான் வாசுதேவநல்லூர் வந்த பிறகு, அடிக்கடி பஸ் ஏறி வந்தான். பலாப்பழம், முறுக்கு, ஒன்றுமில்லாவிட்டால் ஒரு சீப்பு வாழைப்பழம். வந்ததும் பார்வை நேராக இவர் மணிக்கட்டுக்குப் போகும். ராஜாவைப் பிரிந்த ஏக்கம் என்று நான் கேலி செய்தேன். ஒருநாள் வந்தவன் உட்காரக்கூட இல்லை.

“மாப்பிள்ளை, அதக் கழத்துங்க” என்றான். குரலில் குழைவே இல்லை. இவர் கழற்றிக் கொடுத்தார்.

தலை தீபாவளிக்குப் போனபோது, எண்ணெய்க்குளியல் முடிந்து புது வேட்டி கட்டியதும் அண்ணன் வாட்சை எடுத்து இவர் கையில் கட்டினான். ஓடியது. முகத்தின் கறை போகவில்லை, முட்களில் துரு. ஆனால் விநாடி முள் ஜம்மென்று சுற்றியது. இவர் அதைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, வாய்விட்டுச் சிரித்தார்.

மத்தியானம் அண்ணன் பெட்டியைத் திறந்து பார்த்தேன். ராஜாவுக்கு அடுத்தபடியாக அவன் வைத்துக் கும்பிடும் கறுப்புமுக வாட்ச், பின்மூடி இல்லாமல், உள்ளே ஒன்றுமில்லாமல் கிடந்தது. இரண்டுக்கும் ஒரே மாதிரி மிஷின். ஓடாத வாட்ச் ஓடாமலே இருக்கட்டும், ஒன்றை அறுத்து இன்னொன்றில் வைப்பது பாவம் என்று யாரோடும் சண்டைக்கு நிற்கிறவன் அவன்.

“ஏன்ணே இப்படிப் பண்ணின? அவுகதான் பரவாயில்லைன்னாகளே” என்றேன்.

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. “ஏட்டி, அது நான் கட்டிவிட்டது. அவிய கையில அது நின்னு கெடக்கக் கூடாது” என்றான்.

ராகு காலம் பார்த்து ஒருநாளும் கடை திறந்தவன் இல்லை அவன். பூனை குறுக்கே போனால் நின்று கொஞ்சிவிட்டுப் போகிற ஆள். ஆடியிலிருந்து ஐப்பசி வரை அவன் வாட்சை நினைத்து ஏங்கவே இல்லை. என் தாலியை நினைத்துப் பயந்துகொண்டிருந்திருக்கிறான்.