அம்மா நடித்த நோயாளிகள்

பிள்ளைகளே,

அம்மா போன முப்பத்தோராம் நாளில் உறவுகளின் கையில் சேரும் இந்த நினைவு மலரில் அப்பாவும் எழுத வேண்டும் என்று சின்னவன் சொன்னான். நான் சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை விட்டவன். தெரிந்தபடி எழுதுகிறேன்.

உங்கள் அம்மா பிறந்தது கொழும்பு கொட்டாஞ்சேனையில். சிறு வயதிலேயே தகப்பனை இழந்து, பாடசாலைச் சீருடை தைத்துத் தங்கைமாரைப் படிப்பித்தவர். என்னைக் கைப்பிடித்து வெள்ளவத்தைக்கு வந்த பிறகும் அந்தத் தையல் மெசின் ஓயவில்லை. ரயில் போகும்போது எங்கள் தொடர்மாடி வீட்டு ஜன்னல் அதிரும். அந்தத் தாளத்துக்கே அம்மாவின் கால் மிதிக்கும். காய்ச்சல் காய்ந்தாலும், "எழும்பி நடக்கிறன்தானே, எனக்கென்ன வருத்தம்?" என்பார். அம்மாவுக்குச் சுகம் என்றால் அவ்வளவுதான்.

மகள் மருத்துவ பீடத்துக்குப் போன முதல் வருஷம், உடம்புக்குள் ஒரு பகுதி பழுதாவதுதான் நோய், வருத்தம் என்று எங்களுக்குப் படம் கீறிக் காட்டினாள். வார்ட்டுக்குப் போகத் தொடங்கியதும், படிக்கிற வருத்தமெல்லாம் தனக்கே இருக்கிறதென்று கழுத்தில் கட்டி தேடித் தடவித் தடவிப் பார்த்தாள்.

"இந்தக் கிழமை உனக்கு என்ன வருத்தம் பிள்ளை?" என்று அம்மா கேட்பார்.

பிறகு, நோயாளியிடம் கேள்வி கேட்டுப் பழக ஆள் தேவைப்பட்டது. ஞாயிறு பின்னேரங்களில் அம்மாதான் நோயாளி. கடற்காற்றில் திரைச்சீலை ஊதி அடங்கும். செற்றி மெத்தையில் சாய்ந்திருக்கும் அம்மா ஒரு கிழமை தெஹிவளை மீன்காரி. இன்னொரு கிழமை நுகேகொடை வங்கி மனேஜர்.

"மனேஜர், எத்தனை நாளா நோகுது?"

"அதை என்ர கிளார்க்கிட்டக் கேளுங்கோ டொக்டர். எனக்கு நேரமில்லை."

சின்னவன் சிரித்துக் கதிரையால் விழுவான்.

ஒரு ஞாயிறு அம்மா யார் என்று சொல்லாமலே தொடங்கினார். "ரெண்டு வாய் சாப்பிட வயிறு நிரம்பிப் போகுது. சட்டையெல்லாம் தொளதொளத்துப் போச்சு."

மகள் கொப்பியில் எழுதிக்கொண்டு, "இண்டைக்குத்தான் அம்மா நல்லா நடிக்கிறீங்கள்" என்றாள். நான் கைதட்டினேன். அம்மாவும் சிரித்தார். அது அம்மாவின் சொந்த வருத்தம் என்ற உண்மை தெரிய இரண்டு மாதம் போயிற்று.

மகளே, அம்மா போனபிறகு நீ வார்ட்டுக்குப் போகவில்லை. "நான் டொக்டரா வரக்கூடாது அப்பா" என்கிறாய். உறவுகள் எல்லோரும் வாசிக்கவே எழுதுகிறேன்: அன்று நடிப்பென்று நம்பிக் கைதட்டியவன் நான்.

கடைசி நாட்களில் முதலில் நீ கொப்பியோடுதான் பக்கத்தில் இருந்தாய். எங்கே நோகுது, எப்ப கூடுது என்று கேட்டாய். ஒரு மத்தியானம் கொப்பியை மூடிவிட்டு, "அம்மா, இப்ப உங்களுக்கு என்ன வேணும்?" என்றாய்.

"ஜன்னலைத் திற. ரயில் வரட்டும்."

ரயில் வந்தது. போர்வைக்குள் அம்மாவின் கால் மெல்ல மிதித்தது. "இப்ப சுகமா இருக்கு" என்றார். நீ கீறிய படத்தில் அந்தச் சுகம் எந்த இடத்தில் இருக்கிறதோ, எனக்குத் தெரியாது. அதைக் கண்டுபிடித்தவள் நீ.

நீ தேத்தண்ணி போடப் போனபோது அம்மா என்னிடம் சொன்னார்: "அண்டைக்கு விளையாட்டாச் சொன்னது நான்தான். உண்மையாச் சொல்லப் பயமா இருந்தது. பிள்ளையிட்டச் சொல்லிப்போடுங்கோ." உன் முகத்தைப் பார்த்து எனக்கு வாய் வரவில்லை. இன்று சொல்லிவிட்டேன்.

கஞ்சி கொண்டுவந்த மேல்மாடி அக்காவுக்கும், ஆஸ்பத்திரியில் அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட தாதிமாருக்கும், எங்களோடு அழுத எல்லோருக்கும் இந்த வீடு கடமைப்பட்டிருக்கிறது.

இப்போதும் பின்னேரம் கண் அசந்தால் ரயிலோடு மெசின் ஓடுகிறது. விழித்தால் செற்றி சும்மா கிடக்கிறது. வருகிற ஞாயிறு நான் அதில் இருக்கிறேன் மகளே, கொப்பியை எடுத்துக்கொண்டு வா. எனக்கு நடிக்கத் தெரியாது, உள்ளதையே சொல்லுவேன்.

அன்புடன்,
அப்பா