சாண் போட்டு வாங்கிய பெட்ரோல் டேங்க்: குசைஸிலிருந்து ஷார்ஜா வரை

பழைய வண்டிப் பாகம் வாங்க ஷார்ஜா போகிறீர்களா? வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம். நான் போய்ப் பட்டுவிட்டேன்.

என் ரூம்மேட் செல்வம் துபாய் அல் குசைஸில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வெல்டர். அங்கே ஒரு மூலையில் நாங்கள் இருவரும் ஹாட் ராட் கட்டிக்கொண்டிருந்தோம். அரதப் பழசான பிக்கப்பில் பெரிய என்ஜினைப் போட்டு நாமே உருவாக்கும் வண்டி அது. எல்லாம் தயார், பெட்ரோல் டேங்க் மட்டும் துருப்பிடித்து ஓட்டை. செல்வத்துக்கோ விசா கேன்சல், சனிக்கிழமை காலை ஊருக்கு ஃப்ளைட். அதற்குள் ஒரு தடவையாவது இருவரும் அதில் உட்கார்ந்து போய்விட வேண்டும்.

வெள்ளி காலை ஒன்பதரைக்கு டாக்சி. பதினைந்து கிலோமீட்டர், அறுபது திர்ஹம். கடை கடையாக அலைந்து நல்ல டேங்க் கண்ணில் பட்டபோது மணி பன்னிரண்டு ஆகப் போகிறது. செல்வத்துக்குப் போன் போட்டேன்.

"சீட்டுக்குப் பின்னாடி எவ்வளவு இடம்டா இருக்கு?"

"ரெண்டு சாண் இருக்கு மாப்ள."

நானும் சாண் போட்டுப் பார்த்தேன். சரியாக இரண்டு. கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டார். "ஜல்தி பாய், நமாஸ் டைம். கலாஸ்!" வெள்ளித் தொழுகைக்குக் கடை மூடுகிறாராம். முந்நூறு திர்ஹம் கொடுத்துத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

பெட்ரோல் வாடையாம், எந்த டாக்சியும் ஏற்றவில்லை. ஒரு மணி நேரம் வெயிலில் வெந்தபின் யாழ்ப்பாணத்துப் பிக்கப் டிரைவர் ஒருவர் நூற்றிருபதுக்குச் சம்மதித்தார். "அளந்துதானே வாங்கினனீங்கள், அண்ணை?" என்று வேறு கேட்டார். எரிச்சலாக வந்தது.

கொண்டுவந்து வைத்தால் டேங்க் நான்கு விரல் அதிகம். செல்வத்துக்குக் குட்டிக் கை. எறும்பும் தன் கையால் எண்சாண் என்பார்கள். அந்த எறும்பு வெல்டிங் வேலை பார்க்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

"டேப் டூல்பாக்ஸ்லதானே கிடக்கு? எடுத்து அளக்க மாட்டியா?"

"நீயும் கையாலதானடா அளந்த?"

வேறு டேங்க் தேட நேரமில்லை. பக்கத்து சீட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் பிராக்கெட் போட்டு, அடியில் ரப்பர் வைத்து, டேங்கைப் பட்டையால் இறுக்கினோம். பெட்ரோல் குழாயை மாட்டிக் கசிவு பார்த்து முடிக்க ஏழு மணி. என்ஜின் உறுமியது. உட்கார இடம் ஒருவருக்குத்தான்.

"நீ ஓட்டு மாப்ள" என்றான்.

"ஏறித் தொலைடா!"

யார்டுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி ஓட்டினான். நான் புழுதியில் நின்று திட்டிக்கொண்டே இருந்தேன். அழுகையும் வந்தது.

போகிறவர்கள் வார நாளில் போங்கள். டேப்பைக் கையோடு எடுத்துப் போங்கள். டேங்கைக் கழுவித் தரச் சொல்லுங்கள், பிக்கப்புக்கு முன்பே பேசி வையுங்கள்.

சின்ன டேங்காக மாற்றினால் அந்த சீட்டைத் திரும்பப் போடலாமே என்று ஒர்க்‌ஷாப்பில் சொல்கிறார்கள். போடலாம்தான். யார் உட்காரப் போகிறார்கள்?